நான்கு கண்களும் ஒரு கையும்

"தனி மரம் தோப்பாகாது" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆயினும் அறிவியல் வளர வளர, தோப்பு செய்த வேலையைத் தனி மரமே செய்யும் காலமும் வந்துவிடுகிறது. பலர் கூடி நின்று இறைத்த ஏற்றத்தின் வேலையை இன்று ஒரு பம்புசெட்டு செய்கிறது. பலர் அச்சுக் கோத்த பக்கத்தை இன்று ஒருவரே கணிப்பொறியில் கோத்துவிடுகிறார். அந்த வரிசையில் புதிதாய்ச் சேர்ந்த ஒன்றைப் பற்றி நம் மன்ற மலரில் எழுத விரும்புகிறேன்.

மூன்று நான்கு காமிராக்களை ஒரே வேளையில் இயக்கி, அவை காணும் காட்சிகளுள் வேண்டியதை அங்கேயே, அப்பொழுதே தேர்ந்து தொகுத்து, தொலைவில் உள்ளோர் காணும்படி அனுப்பும் வேலையை ஒரே ஆள் செய்யலாம். அதற்கு வேண்டிய கருவிகள் ஒரு முதுகுப்பையில் அடங்கும். இது எப்படி இயலும்? இதனால் நன்மை யாருக்கு? நட்டம் யாருக்கு? மூன்று ஆண்டுகளாகப் படிப்போடு இவ்வேலையையும் செய்து வருகிறேன். ஆதலின் இவ்வினாக்களுக்கு என்னால் இயன்ற விடையைக் கூறுகிறேன்.

முதலில் சிறிது வரலாறு. 1937-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள், இலண்டனில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு ஊர்வலத்தைப் பி.பி.சி. தொலைக்காட்சியில் காட்டியது. ஹைடு பார்க் முனையில் நின்ற காமிராக்கள் மூன்றே. ஆனால் அம்மூன்றுக்கும் பின்னால் பெரிய வண்டியும், பொறியாளர் கூட்டமும் வேண்டியிருந்தன. நம் பம்பாயில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1972-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள். நிலையத்தார் வெளியிடம் சென்று ஒரு நாட்டியத்தை நேரடியாகக் காட்ட வேண்டுமெனில், காமிராவுக்கு ஒருவர், ஒலிக்கு ஒருவர், விளக்குக்குச் சிலர், காட்சியை மாற்றும் பொத்தான்களுக்கு ஒருவர், அவருக்கு ஆணையிட ஒருவர் என்று ஒரு சிறு படையே புறப்பட வேண்டும்.

அந்தப் படை சிறிது சிறிதாகச் சுருங்கியது. 1990-இல் அமெரிக்காவின் நியூடெக் நிறுவனம், அமிகா என்னும் வீட்டுக் கணிப்பொறிக்குள் பொருந்தும் 'வீடியோ டோஸ்டர்' என்னும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிலையத்து அறையில் மட்டுமே இருந்த ஸ்விட்சர் அன்று மேசைக்கு வந்தது. 2012-இல் ஓ.பி.எஸ். என்னும் மென்பொருள் வெளிவந்தது. அதற்கு விலையே இல்லை; எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம். 2019-இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் நிறுவனம், நான்கு காமிராக்களை இணைக்கும் 'ஏடெம் மினி' என்னும் ஸ்விட்சரை 295 அமெரிக்க டாலர் விலைக்கு அறிவித்தது. அது ஒரு பாடப்புத்தகத்தைவிடப் பெரிதன்று.

அடுத்த ஆண்டே பெருந்தொற்று வந்தது. 2020 மார்ச்சில் நாடெங்கும் ஊரடங்கு. ஏப்ரல் 1-ஆம் நாள் தாராவியில் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். சபாக்களும் மண்டபங்களும் அடைபட்டன. திருமணத்தையும், ஏன், இறுதிச் சடங்கையும்கூட உறவினர் கைப்பேசியில் பார்க்கும் நிலை வந்தது. நேரடி ஒளிபரப்பு பணக்காரர் வீட்டு ஆடம்பரம் என்ற எண்ணம் அன்றோடு போயிற்று.

இனி என் பையைத் திறந்து காட்டுகிறேன். பழைய கடையில் வாங்கிய கைக்காமிராக்கள் இரண்டு. கைப்பேசி ஒன்று, அதுவே மூன்றாம் காமிரா. நண்பர் ஒருவரோடு பங்கு போட்டு வாங்கிய ஸ்விட்சர் ஒன்று. பார்ப்பதற்குச் சிறு திரை ஒன்று. காதுக்கு ஹெட்போன். மின்கலம் இரண்டு. வயர் ஒரு கட்டு. முக்காலிகளுக்குத் தனிப் பை. இவ்வளவையும் சுமந்துகொண்டு தாராவியிலிருந்து நடந்து, சுனாபட்டியில் இரயில் ஏறி, செம்பூரில் இறங்கிவிடலாம். மாலை ஆறு மணிக் கூட்டத்தில் மட்டும் ஏற முடியாது. அதனால் எங்கும் இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்விடுவது என் வழக்கம். அந்த இரண்டு மணி நேரமே பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடும்.

ஒருவருக்கு இருப்பது இரண்டு கைகள். ஒரு கை ஸ்விட்சர் மீது இருக்கும். மற்றொரு கை ஒரு காமிராவைத்தான் பிடிக்க முடியும். எனவே ஏனைய காமிராக்களை முன்னரே நிலையாக நிறுத்திவிட வேண்டும். ஒன்று மேடை முழுவதையும் காண வேண்டும். ஒன்று பக்கத்திலிருந்து கலைஞரின் கைகளைக் காண வேண்டும். என் கையில் உள்ள மூன்றாவது காமிராதான் முகங்களைத் தேடி அலையும். இதற்கு ஒரு கட்டாய விதி உண்டு: பார்ப்போர் ஒரு காமிராவின் காட்சியைக் காணும்பொழுதே நான் மற்றொரு காமிராவைத் திருப்ப வேண்டும். திருப்பும் ஆட்டத்தை எவரும் காணலாகாது. திருப்பி, குவியம் சரிசெய்து, சிறு திரையில் பார்த்து, பின்னரே பொத்தானை அழுத்த வேண்டும். விருந்தில் பரிமாறுவோர் ஒரு பந்தி உண்ணும்பொழுதே அடுத்த பந்திக்கு இலை போடுவதில்லையா? அது போன்றதே இது.

இடையூறுகள் நான்கு. முதலாவது, விளக்கு. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. வெளிநாட்டுக் காமிரா நொடிக்கு 30 அல்லது 60 படம் எடுக்கும்படி வைக்கப்பட்டிருந்தால், மண்டபத்துக் குழல்விளக்குகள் திரையில் துடிக்கும். நொடிக்கு 25 படம், ஷட்டர் ஐம்பதில் ஒரு நொடி என்று எல்லாக் காமிராக்களையும் ஒன்றுபோல் வைத்துவிட்டால் துடிப்பு அடங்கும்.

இரண்டாவது, ஒலி. மைக் செட்டுக்காரரின் மிக்ஸரிலிருந்து வரும் ஓசை உடனே வந்துவிடும். படமோ காமிராவையும் ஸ்விட்சரையும் கடந்து சிறிது பிந்தி வரும். இரண்டு மூன்று படங்களின் இடைவெளிதான். அதாவது பத்தில் ஒரு நொடி. ஆனால் மிருதங்கத்தில் கை விழுமுன் ஓசை கேட்டால் குழந்தைகூடச் சிரிக்கும். ஓசையை அந்த அளவுக்குத் தாமதப்படுத்தும் வசதி ஸ்விட்சரிலேயே உண்டு. தொடங்கும் முன் காமிராவுக்கு முன்னால் ஒருமுறை கைதட்டிப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

மூன்றாவது, வயர். எச்.டி.எம்.ஐ. வயர் பத்துப் பதினைந்து மீட்டரைத் தாண்டினால் நம்பத்தக்கதன்று. எனவே நான் மண்டபத்தின் கடைசியில் வசதியாக அமர முடியாது. மேடைக்கு அருகே ஓரமாய்த் தரையில்தான் அமர்வேன்.

நான்காவது, இணையம். தெளிவான படத்தை அனுப்ப நொடிக்கு 6 மெகாபிட் வேண்டுமெனக் கொண்டால், ஒரு மணி நேரத்துக்கு 2.7 ஜிகாபைட் செலவாகும். இரண்டு நிறுவனங்களின் சிம் அட்டைகள் கையில் இருப்பது நலம். எதுவும் அறுந்துபோனாலும் வீணாகாதிருக்க, அனுப்பும் படம் அங்கேயே ஒரு வட்டிலும் பதிவாகிக்கொண்டே இருக்க வேண்டும்.

இவ்வளவும் ஒரு மாதத்தில் எவரும் கற்றுவிடலாம். கற்க நாளாவது வேறொன்று. அடுத்து என்ன வரப்போகிறது என்று அறிவதே அது.

மாதுங்காவை அடுத்த சண்முகானந்தா அரங்கை நீங்கள் அறிவீர்கள். 1952-இல் தோன்றிய சபா. 1963-இல் எழுந்த அரங்கம். 1990-இல் தீக்கிரையாகி, 1998-இல் மீண்டும் திறந்தது. 2,700-க்கு மேற்பட்ட இருக்கைகள் உள்ள அத்தகைய அரங்கில் என் போன்றோரின் முதுகுப்பைக்கு வேலையில்லை. அங்கு நான் காமிராவோடு போனதில்லை, கேட்கவே போனேன். ஆனால் என் தொழிலை நான் கற்ற இடங்களுள் அதுவும் ஒன்று. தனி ஆவர்த்தனத்தைக் கூர்ந்து கேட்டிருக்கிறீர்களா? மிருதங்கம் முதலில் வாசிக்கும். கடம் விடை சொல்லும். போகப்போக இருவர் பங்கும் குறைந்துகொண்டே வரும். அதற்குக் 'குறைப்பு' என்றே பெயர். பின் இருவரும் சேர்ந்து மோரா வாசித்து, கோர்வையில் முடிப்பர். இதை அறிந்தவர், பங்கு குறையக் குறையக் காட்சி மாற்றத்தையும் விரைவாக்குவார். இருவரும் சேரும் இடத்தில் மேடை முழுவதையும் காட்டுவார். அறியாதவரோ மிருதங்கம் ஓய்ந்த பிறகும் மிருதங்கக்காரர் துண்டால் முகம் துடைப்பதையே காட்டிக்கொண்டிருப்பார். கருவி இருவருக்கும் ஒன்றே. வேறுபடுவது காது.

என் தாத்தா தோல் ஷாப்பு வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர். எங்கள் சந்தில் ஒரு சிறிய அம்மன் கோயில் உண்டு. ஆண்டுதோறும் கொடை நடக்கும். சென்ற ஆண்டுக் கொடைக்கு ஊரிலிருந்து வில்லுப்பாட்டுக் குழு வந்தது. வில்லடிக்கும் புலவர், உடுக்கை, குடம், ஜால்ரா, பின்பாட்டு. சந்தின் அகலம் எட்டு அடிக்கு மேலிராது. முழு மேடைக்கான காமிராவை எதிர்வீட்டு மாடிப்படியில் கட்டினேன். குடமடிப்பவர் கைக்கு ஒன்று. மூன்றாவது என்னிடம்.

தொடங்கும் முன் புலவர் என்னை அழைத்து, "தம்பி, சாமி வந்து ஆடுத பொம்பளையாளு மொகத்த மட்டும் கிட்டக் காட்டிராதிய. வேற எதையுங் காட்டுங்க" என்றார். சரி என்றேன்.

இரவு பதினொரு மணிக்கு மின்சாரம் நின்றது. மைக் செட்டு ஊமையாயிற்று. ஆனால் வில்லுக்கு மின்சாரம் வேண்டுமா என்ன? புலவர் நிறுத்தவில்லை. என் மின்கலங்களும் நிற்கவில்லை. காமிராவின் மைக்கை ஒலிக்கு மாற்றிக்கொண்டேன். யாரோ பெட்ரோமாக்ஸ் போன்ற ஒரு மின்கல விளக்கைக் கொணர்ந்து வைத்தார். அந்த ஒளியில் உடுக்கையின் ஓசை இறுகத் தொடங்கியது. உடுக்கை இறுகினால் யாருக்கோ அருள் வரப்போகிறது என்று எங்கள் சந்தில் பிறந்த எவருக்கும் தெரியும். முன்வரிசையில் ஓர் அம்மாளின் தலை மெல்ல ஆடியது. என் கைக்காமிரா அவருக்கு மிக அருகில் இருந்தது. அந்த முகத்தைக் காட்டியிருந்தால் பார்ப்போர் மூச்சடக்கிப் பார்த்திருப்பர், ஐயமில்லை. நான் மாடிப்படிக் காமிராவின் பொத்தானை அழுத்தினேன். சந்து முழுவதும், கூட்டமும், நடுவே அசையும் ஓர் உருவமும் தெரிந்தன. அங்கிருந்து குடமடிப்பவர் கைக்குப் போனேன்.

நேரடித் தொகுப்பின் பொறுப்பு இதில்தான் அடங்கியிருக்கிறது. பதிவு செய்து பின்னர்த் தொகுப்பவர் தவறானதை வெட்டி எறியலாம். நேரடியாக அனுப்புபவருக்கு அந்த வசதி இல்லை. போனது போனதுதான். பிறர் மானம் உங்கள் விரல் நுனியில் இருக்கிறது. படை இருந்தால் "இதைக் காட்டலாமா?" என்று பக்கத்தில் இருப்பவரையாவது கேட்கலாம். தனியாளுக்கு அதற்கும் வழியில்லை. ஆதலால் கேட்க வேண்டியதையெல்லாம் தொடங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

அன்றிரவு அந்த ஒளிபரப்பைப் பார்த்தவர் 41 பேர். ஆம், நாற்பத்தொருவரே! அவர்களுள் ஒருவர் ஊரில் இருக்கும் என் ஆச்சி. முழங்கால் வலியால் இரயில் ஏறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மறுநாள் காலை தொலைபேசியில் பேசினார்: "எல, கொடம் அடிக்கவன் கையக் காட்டுன பாரு, அதுலதாம்ல எங்க அப்பா ஞாபகம் வந்துட்டு." ஆச்சியின் தகப்பனார் குடமடிப்பவராய் இருந்தார் என்பதை அன்றுதான் அறிந்தேன். அவருக்குப் படம் ஒன்றுகூட இல்லையாம்.

இனி மறுபக்கத்தையும் கூறவேண்டும். என் சித்தப்பா இருபது ஆண்டுகளாகத் திருமண வீடியோக்களுக்கு விளக்குப் பிடிப்பவர். என் பையை ஒருநாள் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏலே, அஞ்சு பேரு கஞ்சி குடிச்ச எடத்துல ஒருத்தன் மட்டும் பிரியாணி திங்கது நியாயமால?" என்று கேட்டார். அவர் கேட்டது விளையாட்டாக அன்று. முன்பு ஒரு திருமணத்துக்கு ஐந்தாறு பேரை அழைத்தவர்கள், இப்பொழுது ஒருவரையோ இருவரையோ அழைத்து முடித்துவிடுகின்றனர். வயர் இழுத்த பையன்களும் விளக்குப் பிடித்தவர்களும் வேறு வேலை தேடுகின்றனர். 'அறிவியல் முன்னேற்றம்' என்று சொல்லி இதைக் கடந்து போவது எளிது. ஆனால் சித்தப்பாவுக்கு எதிரே அமர்ந்து அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

பல நாள் எண்ணிப் பார்த்தேன். எண்ணியதன் முடிவு இதுதான். ஐவர் போகும் இடத்துக்கு ஒருவர் போவதில் என்ன பெருமை? செலவு மிச்சம், அவ்வளவே. கூலி கொடுக்கும் வசதி உள்ளவர் ஐவரை அழைக்கட்டும். அத்தகைய திருமணங்களுக்கு என்னை அழைத்தால் நான் சித்தப்பாவையும் இன்னும் இருவரையும் சேர்த்துக்கொண்டே போகிறேன். நல்ல வெளிச்சத்தின் அருமையை அவரிடம்தான் கற்றேன். ஆனால் எட்டு அடிச் சந்தின் கொடைக்கு, நாற்பத்தொருவர் பார்க்கும் வில்லுப்பாட்டுக்கு, எந்த ஐவரும் என்றும் வரப்போவதில்லை. அங்கே நான் போவதால் எவர் கூலியும் குறைவதில்லை. எவரும் போகாத இடத்துக்கு ஒருவராவது போவதற்கே இந்த முதுகுப்பை ஏற்றது என்பது என் துணிபு.

அத்தகைய இடங்கள் நம்மைச் சுற்றி எத்தனை! பொங்கலன்று தாராவியின் 90 அடிச் சாலையில் பெண்கள் வரிசையாகப் பானை வைக்கிறார்களே, அவர்களுள் மூத்தவர் ஒருவர் பானை பொங்கும் வரை பேசும் பேச்சை யார் பதிவு செய்தார்? செம்பூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டுக் கூடத்தில் பத்துப் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லித் தருகிறார். மாதுங்காச் சந்தையில் பூக்கட்டும் பெரியவர் கதை சொல்ல ஆரம்பித்தால் வாங்க வந்தவர் வீடு திரும்ப மறந்துவிடுவர்.

இதற்குக் காலமும் நீண்டதன்று. 2022-ஆம் ஆண்டு நவம்பரில் தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தில் அதானி குழுமம் முன்னின்றது. 2024-இல் வீடு வீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. 2000-ஆம் ஆண்டு சனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவியிலேயே வீடு. பின்வந்தோருக்கும் மேல்தளத்தாருக்கும் நகரின் வேறு பகுதிகளில் என்பது திட்டம். நல்ல வீடு வேண்டாம் என்பார் யார்? எங்கள் வீட்டிலும் குழாயும் கழிப்பறையும் உள்ள வீட்டையே விரும்புகிறார்கள். ஆயினும் ஒரே சந்தில் கூடி ஒரே கொடையைக் கொடுக்கும் அறுபது குடும்பங்களும் மீண்டும் ஒரே சந்தில் கூடப் போவதில்லை. மாடிக் கட்டடத்தில் அம்மனுக்கு இடம் கிடைக்கலாம். மாடிப்படியில் உட்கார்ந்து "ஆமா" போட்ட கூட்டம் கிடைக்குமா?

ஆகவே நண்பர்களே, நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவுக்கு நாம் செய்யும் தோரணச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கினால், மன்றத்துக்கென ஒரு ஸ்விட்சரும் நல்ல மைக் ஒன்றும் வாங்கிவிடலாம். காமிராக்கள் நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கின்றன. கற்றுத் தர நான் அணியமாய் இருக்கிறேன். வெளிச்சம் கற்றுத் தரச் சித்தப்பாவும் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்கு அவருக்கு மன்றம் ஊதியம் தர வேண்டும் என்பதையும் இங்கேயே எழுதி வைக்கிறேன். வாரம் ஓர் இடம், ஓர் ஆள், ஒரு பை என்று தொடங்கினால் போதும். உங்கள் வீட்டில், உங்கள் சந்தில் யாருடைய பாட்டும் பேச்சும் இன்னும் பதிவாகவில்லை என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பெயரையும், அவர் எந்தக் கிழமையில் வீட்டில் இருப்பார் என்பதையும் ஒரு தாளில் எழுதி, மன்றத்துப் பெட்டியில் போடுங்கள். அடுத்த வாரம் சுமக்க என் முதுகு காத்திருக்கிறது.